நடு எண்ணைப் பிடித்தால் போதும்: அடுத்தடுத்த எண்களை மனக்கணக்காகக் கூட்டும் வழி

37 முதல் 52 வரை உள்ள எல்லா எண்களையும் கூட்டினால் எவ்வளவு வரும்? பேனா, பேப்பர், போன் மூன்றையும் ஓரமாக வைத்துவிட வேண்டும். 37-உம் 38-உம் 75, அதோடு 39 சேர்த்தால் 114 என்று ஆரம்பிக்கிறவர்களில் பாதிப் பேர் 44, 45 வாக்கில் எதைக் கூட்டினோம், எதை விட்டோம் என்பதையே மறந்துவிடுவார்கள். வழி தெரிந்தவர் "எழுநூற்றுப் பன்னிரண்டு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

பத்தாம் வகுப்போடு கணக்கை மூட்டை கட்டி வைத்துவிட்டு, இப்போது டிஎன்பிஎஸ்சி குரூப் 4-க்காகக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் இடம் பிடித்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது நேரடியாக உதவும். அந்தத் தேர்வின் 200 கேள்விகளில் 25 திறனறிவு வகை. கால்குலேட்டருக்கு அனுமதி கிடையாது. பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லித்தரும்போது திணறுகிற அப்பா அம்மாக்களும் படிக்கலாம். கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் போதும், வேறு எதுவும் தேவையில்லை.

இந்த விஷயத்தில் 'இருபது ஷார்ட்கட்' என்று பட்டியல் போட்டுக் கொடுப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இருபதையும் மனப்பாடம் செய்தால் தேர்வு ஹாலில் பன்னிரண்டாவதும் பதின்மூன்றாவதும் குழம்பிப்போகும். என்னைக் கேட்டால் இரண்டே கேள்விதான்: மொத்தம் எத்தனை எண்கள்? நடுவில் நிற்பது எது? இந்த இரண்டையும் பெருக்கினால் விடை. கீழே வரும் எல்லாமே இதிலிருந்து பிறப்பவைதான்.

முதல் படி: எத்தனை எண்கள் என்று சரியாக எண்ணுங்கள்

கணக்கு தப்பாவது பெரும்பாலும் இங்கேதான். 37 முதல் 52 வரை எத்தனை எண்கள்? 52-இல் 37 போனால் 15 என்று வாய் சொல்லிவிடும். உண்மையில் 16. கழித்தால் கிடைப்பது இடையில் எத்தனை தாவல்கள் என்பது. ஆரம்பித்த எண்ணை அது கணக்கில் எடுப்பதில்லை. 12-ஆம் தேதியிலிருந்து 19-ஆம் தேதி வரை லீவு போட்டால் ஆபீசில் எத்தனை நாள் பிடிப்பார்கள்? எட்டு. ஏழு என்று எழுதிக் கொடுத்தால் எச்.ஆர். திருப்பி அனுப்பிவிடுவார்.

ஆகவே: கடைசி எண்ணிலிருந்து முதல் எண்ணைக் கழித்து, ஒன்று கூட்டுங்கள். சந்தேகம் வந்தால் 3 முதல் 5 வரை என்று சின்னதாக வைத்து விரல் விட்டுப் பாருங்கள். மூன்று, நான்கு, ஐந்து. மூன்று எண்கள், கழித்தால் இரண்டு.

வினாத்தாளில் இன்னொரு வம்பு உண்டு. "37 முதல் 52 வரை" என்றால் இரண்டு முனைகளும் சேரும். "37-க்கும் 52-க்கும் இடையே" என்றால் முனைகள் இரண்டும் போய்விடும். 38 முதல் 51 வரை, 14 எண்கள்தான். கேள்வியை ஒரு முறைக்கு இரண்டு முறை படித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

இரண்டாம் படி: நடு எண்ணைக் கண்டுபிடித்துப் பெருக்குங்கள்

எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் வேலை சுலபம். 18, 19, 20, 21, 22. ஐந்து எண்கள், நடுவில் 20. ஐந்து இருபது நூறு, அவ்வளவுதான். ஏன் இப்படி வருகிறது? 22-இடம் இரண்டு அதிகமாக இருக்கிறது, 18-இடம் இரண்டு குறைவு. 21-இடம் ஒன்று அதிகம், 19-இடம் ஒன்று குறைவு. அதிகம் உள்ளவர் குறைவாக உள்ளவருக்குக் கொடுத்துவிட்டால் ஐந்து பேரிடமும் 20, 20 என்று சமமாகிவிடும்.

இதைப் பழக நல்ல இடம் சுவரில் தொங்கும் மாதக் காலண்டர். ஞாயிறில் தொடங்கிச் சனியில் முடியும் ஒரு முழு வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு தேதிகளின் கூட்டுத்தொகை, புதன்கிழமைத் தேதியை ஏழால் பெருக்கினால் வருவதுதான். வாரம் 8 முதல் 14 வரை என்றால் புதன் 11. ஏழு பதினொன்று 77. அப்புறம் மூன்றுக்கு மூன்று என்று ஒரு கட்டம் போடச் சொல்லுங்கள். பிள்ளை 8, 9, 10, அதன் கீழே 15, 16, 17, அதற்கும் கீழே 22, 23, 24 என்று வட்டம் போட்டால், நடுவில் இருக்கும் 16-ஐ ஒன்பதால் பெருக்கி 144 என்று சொல்லிவிடலாம். எட்டு வயதுப் பிள்ளை வாயைப் பிளக்கும். கொஞ்ச நேரத்தில் அதுவே கண்டுபிடித்துவிடும், அதுதான் வேண்டியதும்.

எண்ணிக்கை இரட்டைப்படை என்றால் நடுவில் ஒருவர் கிடையாது, இருவர். 37 முதல் 52 வரை என்றால் 44-உம் 45-உம். அவற்றின் சராசரி 44.5. அதை 16-ஆல் மனசில் பெருக்க யாருக்கும் பிடிக்காது. அதனால் ஜோடி போடுங்கள். முதலும் கடைசியும் சேர்ந்தால் 37 + 52 = 89. அடுத்த ஜோடி 38 + 51, அதுவும் 89. 39 + 50, அதுவும் 89. பதினாறு எண்களில் எட்டு ஜோடி. 89-ஐ எட்டால் பெருக்க, 90 × 8 = 720-இலிருந்து ஒரு எட்டைக் குறைத்தால் 712.

நடு எண் எது என்று கண்ணுக்குத் தெரியாவிட்டால் இரு முனைகளையும் கூட்டிப் பாதியாக்குங்கள். 26 முதல் 74 வரை: கூட்டினால் 100, பாதி 50. எண்ணிக்கை 49. விடை 2450.

இந்த ஜோடி போடும் வித்தையைச் சொல்லும்போது எல்லோரும் ஜெர்மனியின் கணித மேதை காஸ் கதையைச் சொல்வார்கள்: பள்ளிப் பையனாக இருந்தபோது 1 முதல் 100 வரை கூட்டச் சொன்னார்களாம், நொடியில் 5050 என்றானாம். காஸ் இறந்த பிறகு 1856-இல் அவரது நண்பர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இந்தச் சம்பவம் இருக்கிறது. ஆனால் 1 முதல் 100 வரை என்று அதில் இல்லை, பிற்பாடு கதை சொன்னவர்கள் சேர்த்தது. வழி எப்படியும் காஸுக்கு வெகு காலம் முந்தியது. கி.பி. 499-இல் எழுதப்பட்ட ஆர்யபட்டீயத்தின் கணித பாதத்திலேயே, முதலையும் கடைசியையும் கூட்டி எண்ணிக்கையில் பாதியால் பெருக்கு என்று வந்துவிட்டது.

மூன்றாம் படி: பெருக்குவதற்கு முன்பே பாதியாக்குங்கள்

1-இல் தொடங்கும் தொடர்தான் அடிக்கடி வரும். பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் n(n+1)/2 என்று படித்தது இதுதான். 1 முதல் 48 வரை என்றால் 48-ஐ 49-ஆல் பெருக்கிவிட்டுப் பிறகு இரண்டால் வகுக்கிறவர்கள் தேவையில்லாமல் பாரம் சுமக்கிறார்கள். அடுத்தடுத்த இரண்டு எண்களில் ஒன்று கட்டாயம் இரட்டைப்படை. அதை முதலில் பாதியாக்குங்கள். 48-இல் பாதி 24. 24 × 49 என்பது 24 × 50 = 1200-இல் ஒரு 24 குறைவு, 1176.

மூன்று விடைகளை மட்டும் மனப்பாடமாக வைத்திருப்பது நல்லது: 1 முதல் 10 வரை 55, 1 முதல் 20 வரை 210, 1 முதல் 50 வரை 1275. இவை ஏன் என்பது அடுத்த படியில் தெரியும்.

நான்காம் படி: எங்கேயோ தொடங்கும் தொடர்கள்

101 முதல் 150 வரை கூட்ட வேண்டும். ஒவ்வொரு எண்ணிலிருந்தும் நூறைக் கழற்றிவிடுங்கள். மிச்சம் 1 முதல் 50 வரை, அதாவது 1275. கழற்றிய நூறுகள் ஐம்பது, 5000. மொத்தம் 6275. 2001 முதல் 2025 வரை என்றால் இன்னும் மிரட்டலாகத் தெரியும், ஆனால் 50,000-உம் 325-உம் சேர்ந்தால் 50,325. அவ்வளவுதான் விஷயம்.

அடுத்தடுத்த பத்து எண்கள் என்றால் ஒரு தனி விளையாட்டு. ஐந்தாவது எண்ணை எழுதி, பின்னால் ஒரு 5 ஒட்டிவிடுங்கள். 23 முதல் 32 வரை: ஐந்தாவது 27, விடை 275. ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவில் 27.5 இருக்கிறது, பத்தால் பெருக்கினால் புள்ளி போய்விடுகிறது. நூறு எண்கள் என்றால் ஐம்பதாவது எண்ணின் பின்னால் 50 ஒட்ட வேண்டும். 7 முதல் 106 வரை: ஐம்பதாவது 56, விடை 5650.

வீட்டுக் கணக்குக்கும் இது உதவும். "ஜனவரி 1-ஆம் தேதி ஒரு ரூபாய், 2-ஆம் தேதி இரண்டு ரூபாய், இப்படியே வருஷம் முழுக்க உண்டியலில் போடுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு சேமிப்பு யோசனை சுற்றுகிறது. 365 நாளுக்கு மொத்தம் 365 × 183 = 66,795 ரூபாய். நல்ல தொகைதான். ஆனால் மாதம் பிரித்துப் பார்த்தீர்களா? ஜனவரியில் 31 நாள், நடு நாள் 16-ஆம் தேதி; 31 × 16 = 496 ரூபாய். டிசம்பரிலும் 31 நாள், நடு நாள் அதே 16-ஆம் தேதி. ஆனால் அது வருஷத்தின் 350-ஆவது நாள். 31 × 350 = 10,850 ரூபாய். ஜனவரியில் ஆசையாக ஆரம்பிக்கிறவர்கள் தீபாவளி தாண்டியதும் ஏன் உண்டியலைப் பரணில் போடுகிறார்கள் என்பது இந்த ஒரு பெருக்கலிலேயே தெரிந்துவிடுகிறது. டிசம்பர் தொகையில் தொடங்கிப் பின்னோக்கி வருவது, அதாவது முதல் நாள் 365, அடுத்த நாள் 364 என்று குறைத்துக்கொண்டே போவது, எனக்கு நடைமுறைக்கு ஒத்துவருவதாகப் படுகிறது. போனஸ் கைக்கு வருகிற நேரத்தைப் பார்த்துத் தொடங்கிக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: ஒன்று விட்டு ஒன்று, ஏழு விட்டு ஏழு

இடைவெளி ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. இடைவெளி சமமாக இருந்தால் போதும், நடு எண் விதி அப்படியே நிற்கும். ஒரு மாதத்தின் ஞாயிறுகள் 3, 10, 17, 24, 31 என்றால் நடுவில் 17, ஐந்தால் பெருக்க 85.

1-இல் தொடங்கும் ஒற்றைப்படை எண்களில் ஒரு அழகு இருக்கிறது. 1 + 3 + 5 என்று 19 வரை போனால் பத்து எண்கள். நடு மதிப்பு, 1-உம் 19-உம் சேர்ந்து பாதி, அதுவும் பத்து. எண்ணிக்கையும் நடுவும் எப்போதும் ஒரே எண்ணாக அமைவதால் விடை வர்க்கம்: 100. எத்தனை எண்கள் என்று அறிய, கடைசி எண்ணோடு ஒன்று கூட்டிப் பாதியாக்குங்கள். இரட்டைப்படைக்கு நடு ஒன்று கூடிவிடும்; 2 முதல் 20 வரை பத்து எண்கள், நடு 11, விடை 110.

இதெல்லாம் எங்கே வரும் என்று கேட்கிறவர்கள் மார்கழியில் மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் விடிகாலையில் ஒரு நடை போய்வரலாம். புள்ளிக் கோலம் முழுக்க இந்தக் கணக்குதான்.

கோலப் புத்தகத்தில் "15 புள்ளி, 8 வரை ஊடுபுள்ளி" என்று போட்டிருக்கும். சந்துப்புள்ளி என்று சொல்லும் வீடுகளும் உண்டு. நடு வரிசையில் 15 புள்ளி. அதற்கு மேலே, இரண்டு புள்ளிகளின் சந்தில் வைத்துக்கொண்டே போனால் 14, 13, 12 என்று குறைந்து 8-இல் நிற்கும். கீழேயும் அதே மாதிரி. மொத்தம் எத்தனை புள்ளி? 8 முதல் 14 வரை ஏழு வரிசை, நடுவில் 11, ஆக 77. மேலும் கீழும் சேர்ந்து 154. நடு வரிசை 15 சேர 169.

அதே 15 புள்ளியை "1 வரை நேர்ப்புள்ளி" என்று வைத்தால் வரிசைக்கு இரண்டு இரண்டாகக் குறையும்: 15, 13, 11 என்று 1 வரை. நடு வரிசைக்கு மேலே 13 முதல் 1 வரை ஏழு ஒற்றைப்படை எண்கள், வர்க்கம் 49. கீழேயும் 49. நடுவில் 15. மொத்தம் 113. பக்கவாட்டில் அதே அகலம், புள்ளி மட்டும் 56 குறைவு. வாசல் சின்னதாக இருக்கிறவர்களும் கோலமாவு தீர்ந்துகொண்டிருக்கிறவர்களும் எதைத் தேர்ந்தெடுப்பது என்று இதை வைத்து முடிவு செய்துகொள்ளலாம்.

"7 புள்ளி, 1 வரை ஊடுபுள்ளி" இன்னும் சுவாரசியம். 6 முதல் 1 வரை 21, இரண்டு பக்கமும் 42, நடுவில் 7. மொத்தம் 49, ஏழின் வர்க்கம். இது தற்செயல் இல்லை. அந்தக் கோலத்தைச் சற்று சாய்ந்து பார்த்தால், வரிசைக்கு ஏழு என்று ஏழு வரிசை கொண்ட ஒரு சாய்சதுரம்தான் அங்கே இருக்கிறது. எத்தனை புள்ளியில் தொடங்கினாலும் 1 வரை ஊடுபுள்ளி வைத்தால் விடை அந்த எண்ணின் வர்க்கம்.

பிராட்வே பக்கம் பைப் கடைகளில் குழாய்களைக் கோபுரமாக அடுக்கியிருப்பதும் ஊடுபுள்ளி மாதிரிதான். அடியில் 12, மேலே 5 என்றால் எட்டு அடுக்கு, நான்கு ஜோடி, ஜோடிக்கு 17. மொத்தம் 68.

ஆறாம் படி: தலைகீழ்க் கேள்விகள்

தேர்வில் கூட்டுத்தொகையைக் கொடுத்துவிட்டு எண்களைக் கேட்பார்கள். x, x+1 என்று எழுத ஆரம்பிக்க வேண்டாம். வகுத்தால் நடு எண் வந்துவிடும். அடுத்தடுத்த ஐந்து எண்களின் கூடுதல் 265: ஐந்தால் வகுத்தால் 53, ஆகவே 51 முதல் 55 வரை. அடுத்தடுத்த ஐந்து இரட்டைப்படை எண்களின் கூடுதல் 180: நடு 36, ஆகவே 32, 34, 36, 38, 40. அடுத்தடுத்த நான்கு எண்களின் கூடுதல் 150: வகுத்தால் 37.5, அதன் இரு பக்கமும் இரண்டிரண்டாக 36, 37, 38, 39.

அடுத்தடுத்த நான்கு எண்கள் சேர்ந்து 100 வருமா? வகுத்தால் 25 என்று முழுசாக வருகிறது. நான்கு எண்களின் நடு அரையில்தான் முடிய வேண்டும், ஆகவே வராது. எத்தனை எண்களை எடுத்தாலும் வராத சில தொகைகளும் உண்டு: 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்துக்கொண்டே போகிற எண்களை அடுத்தடுத்த இயல் எண்களின் கூட்டலாக எழுதவே முடியாது. முயன்று பாருங்கள்.

சரிபார்க்கவும் இதே வழி. எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால், கூட்டுத்தொகை அந்த எண்ணிக்கையால் மீதியின்றி வகுபடும். 45 முதல் 55 வரை கூட்டச் சொல்லி 548, 550, 552, 555 என்று நான்கு விடைகள் கொடுத்தால் கூட்டவே வேண்டாம். பதினோரு எண்கள்; 11-ஆல் வகுபடுவது 550 மட்டும்தான். பத்து எண்கள் என்றால் விடை 5-இல் முடிந்தே ஆக வேண்டும்.

கொஞ்சம் கைவந்த பிறகு: ராமானுஜனின் வீட்டு எண் புதிர்

சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்த ராமானுஜன் 1914-இல் கேம்பிரிட்ஜ் போனார். அங்கே அவரைப் பார்க்க வந்த, பின்னாளில் புள்ளியியல் அறிஞராகப் பேர் வாங்கிய பி.சி. மகாலனோபிஸ் ஒரு பத்திரிகையிலிருந்து புதிர் ஒன்றைப் படித்துக் காட்டினார். ஒரு தெருவில் வீடுகளுக்கு 1, 2, 3 என்று வரிசையாக எண். ஒரு வீட்டுக்கு இடப்பக்கம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் வலப்பக்கம் உள்ளவற்றின் கூட்டுத்தொகையும் சமம். வீடுகள் ஐம்பதுக்கு மேல், ஐந்நூறுக்குக் கீழ். எந்த வீடு? அடுப்பில் காய் வதக்கிக்கொண்டிருந்த ராமானுஜன், இந்த ஒரு விடையை மட்டுமல்லாமல் இந்த மாதிரித் தெருக்கள் எல்லாவற்றுக்குமான விடையையும் ஒரு தொடர் பின்னமாகச் சொல்லிவிட்டார்.

தொடர் பின்னம் நமக்கு வேண்டாம், சின்னத் தெருவில் பார்ப்போம். எட்டு வீடு, ஆறாவது வீடு. இடப்பக்கம் 1 முதல் 5 வரை 15. வலப்பக்கம் 7-உம் 8-உம் 15. அடுத்தது 49 வீட்டுத் தெருவில் 35-ஆவது வீடு. புதிரில் கேட்டது 288 வீட்டுத் தெருவில் 204-ஆவது வீடு. சரிபார்க்கக் குறுக்கு வழி: வீட்டு எண்ணின் வர்க்கம், தெருவின் மொத்தக் கூட்டுத்தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும். 6 × 6 = 36, 1 முதல் 8 வரையும் 36. பழைய எண், புதிய எண், அதற்குள் 'பை' போட்டு ஒரு எண் என்று போகிற நம் சென்னைத் தெருக்களில் இந்தப் புதிரைப் போட ராமானுஜனாலும் முடிந்திருக்காது.

பழகிக்கொள்ள

வேகம் தானாக வரும். முதல் வாரம் நிதானமாக, எண்ணிக்கை என்ன, நடு என்ன என்று வாய்விட்டே சொல்லிச் செய்யுங்கள். பீச்–தாம்பரம் ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் இதற்கு அருமையான நேரம். கீழே ஆறு கணக்குகள்.

1. 1 முதல் 60 வரை.
2. 64 முதல் 76 வரை.
3. 71 முதல் 80 வரை.
4. 301 முதல் 340 வரை.
5. 9 புள்ளி, 5 வரை ஊடுபுள்ளி, மொத்தப் புள்ளிகள்?
6. அடுத்தடுத்த ஆறு எண்களின் கூடுதல் 201, எண்கள் எவை?

விடைகள் வரிசையாக 1830, 910, 755, 12,820, 61, கடைசியில் 31 முதல் 36 வரை. இரண்டாவதில் 840 வந்திருந்தால் எண்ணிக்கையில் ஒன்று கூட்டாமல் விட்டிருக்கிறீர்கள், முதல் படிக்குத் திரும்புங்கள். ஐந்தாவதில் 52 வந்திருந்தால் நடு வரிசை விட்டுப்போயிருக்கிறது. 70 வந்திருந்தால் அதே நடு வரிசையை இரண்டு தடவை எண்ணியிருக்கிறீர்கள்.